முட்டைக் கோழிகளுடன் விடைக்கோழிகளைச் சேர்க்கும் முறை

குன்றத்தூர், மாங்காடு, சோமங்கலம் பக்கங்களில் கொல்லையில் பத்துப் பதினைந்து கோழிகள் வைத்திருப்போர் இன்றும் உண்டு. கோழிகளுக்கு வயதாகி முட்டை குறையும்போது, சந்தையில் நாலைந்து விடைக்கோழிகளை வாங்கி வந்து அன்றே பழைய கோழிகளுடன் விட்டுவிடுகிறார்கள். மாலைக்குள் புதியவற்றின் தலையில் இரத்தம் காண்கிறது. பழையவை சில நாட்களுக்கு முட்டையைக் குறைத்துவிடுகின்றன. கொத்துக் காயம் ஆறிவிடும். ஆனால் சந்தைக் கோழியோடு நோயும் வந்துவிட்டால் கொட்டிலே காலியாகும்.

கோழிகள் கொத்திக்கொள்வது வெறும் முரட்டுத்தனம் அன்று. எந்தக் கோழி எதைக் கொத்தலாம், எது முதலில் தீவனத்திற்கு வரலாம் என்று கூட்டத்திற்குள் ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டெரப் எப்பே என்பவர் இதனை 1921-ல் ஆராய்ந்து எழுதினார். புதிய கோழி வந்ததும் அந்த வரிசை குலைகிறது. அது மீண்டும் அமையும்வரை சண்டை இருக்கும். அதை அறவே தடுக்க இயலாது. காயமும் உயிர்ச்சேதமும் இல்லாமல் நடக்கச் செய்யலாம்.

முதல் வேலை, தனியே வைத்தல். வாங்கி வந்த விடைக்கோழிகளைப் பழைய கொட்டிலிலிருந்து இயன்ற அளவு தள்ளி, மூன்று அல்லது நான்கு வாரம் வைத்திருங்கள். வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய் பிடித்த கோழி, பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே பிறவற்றிற்கு நோயைத் தரும். எட்டாம் வாரத்தில் இறக்கையில் போடும் தடுப்பூசி போடப்பட்டதா என்று விற்பவரிடம் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால், கால்நடை மருந்தகத்தில் காட்டி ஊசி போட்டு, குறைந்தது இரண்டு வாரம் கழித்தே சேர்க்க வேண்டும். குடற்புழு மருந்தையும் இந்த நாட்களிலேயே கொடுத்துவிடலாம். இறக்கைக்கு அடியில் பேன், செள் இருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள். தீவனம் வைக்கும்போது உங்கள் பழைய கோழிகளை முதலில் கவனித்துவிட்டு, பிறகு புதியவற்றிடம் செல்லுங்கள்.

நோய் ஒரு பக்கமிருந்துதான் வரும் என்று எண்ண வேண்டாம். பழைய கோழிகள் இரத்தக் கழிச்சல் கிருமியை எச்சத்தில் வெளியிட்டுக்கொண்டே, தாம் நலமாக இருக்கக்கூடும். ஈரக் கூளத்தில் இளங்கோழிகளுக்கு அது வேகமாகப் பற்றும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சேர்க்கும் வேலையே வேண்டாம். கத்திரி வெயிலிலும் தவிர்ப்பது நல்லது.

வயதைவிட உடலளவு முக்கியம். பழையவற்றின் பருமனுக்குக் கிட்டத்தட்ட வந்த பிறகே, அதாவது பதினாறு வாரத்திற்கு மேல், சேர்க்க வேண்டும். ஒற்றைக் கோழியை ஒருபோதும் விடாதீர்கள். எல்லாக் கொத்தும் அதன் தலையில்தான் விழும். மூன்று நான்காக விட்டால் கொத்து பங்காகிவிடும். பெருவிடைக் கோழிகள் வைத்திருப்போர் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். சண்டை அவற்றின் பிறவிக் குணம்.

தனியே வைத்த காலம் முடிந்ததும், கொட்டிலின் ஒரு மூலையைக் கம்பிவலைத் தட்டியால் அடைத்து, அங்கே விடைக்கோழிகளைப் பத்து நாள் வையுங்கள். ஒன்றையொன்று பார்க்கும், ஆனால் தொட முடியாது. கம்பிவலை இல்லாதவர்கள் பகலில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தாலும் போதும். பிறகு ஒரு நாள் இரவு, கோழிகள் அடைந்த பின், புதியவற்றைத் தூக்கிப் பழையவற்றுக்கு அருகே மூங்கில் கழியில் அமர்த்துங்கள். மறுநாள் விடியுமுன் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். இதில் சோம்பல் கூடாது.

ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி இடம் வேண்டும். தீவனத் தட்டு, தண்ணீர்த் தட்டு இரண்டிரண்டாக எதிரெதிர் மூலைகளில் இருக்கட்டும். ஒரே தட்டானால் மூத்த கோழி அதை விட்டு நகராது. ஓடி ஒளிய இரண்டு மூன்று பழைய கூடைகளைச் சாய்த்து வையுங்கள். அகத்தி அல்லது முருங்கைக் கீரைக் கட்டைக் கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிட்டால், கவனம் அதில் போகும். இரத்தம் கண்ட கோழியை உடனே பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை விடா. வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவி, ஆறிய பின் விடலாம்.

தீவனத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. முட்டைக் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3 முதல் 4 சதவிகிதம். வளரும் கோழிகளுக்கு 1 சதவிகிதமே போதும். முட்டையிடத் தொடங்காத கோழி அதைத் தொடர்ந்து தின்றால் சிறுநீரகம் கெடும். எனவே முதல் முட்டை காணும்வரை எல்லாவற்றிற்கும் வளர்கோழித் தீவனமே கொடுத்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவைப்படும் கோழி தானே தின்னும்.

சேர்க்குமுன் பழையவற்றில் கழிக்க வேண்டியவற்றைக் கழித்துவிட்டால் இடமும் கிடைக்கும், சண்டையும் குறையும். முட்டையிடும் கோழிக்குக் கொண்டை சிவந்து தடித்திருக்கும். ஆசனவாய்க்குக் கீழே உள்ள இரு எலும்புகளுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும். ஒரு விரலே நுழைந்து கொண்டையும் சுருங்கியிருந்தால் அதை விற்றுவிடலாம்.

மேலும் விவரம் வேண்டுவோர் பொத்தேரி அருகே காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். பூந்தமல்லிச் சாலையில் உள்ள காட்டுப்பாக்கம் வேறு. அங்கே போய் அலைய வேண்டாம்.