சிறுபான்மைத் திரிபுகளைத் தேடி

அன்புள்ள கயல்,

வைரஸ் நம் நோயெதிர்ப்பு ஆற்றலிடமிருந்து தப்பிப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். 2020-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நடந்ததைச் சொல்கிறேன்.

எழுபது வயதைக் கடந்த ஒருவர். நிணநீர்ப் புற்றுநோய்க்குப் பெற்ற சிகிச்சையால், எதிர்ப்பொருள் உருவாக்கும் பி செல்கள் அவர் உடலில் இல்லாமல் போயிருந்தன. தொற்றிய கொரோனா மாதக்கணக்கில் விலகவில்லை. ஆய்வாளர் ரவீந்திர குப்தாவின் குழு 101 நாட்களில் 23 முறை அவருடைய வைரஸின் மரபணு வரிசையைப் படித்தது.

ஒரு நோயாளியிடம் இருப்பது ஒரே வைரஸ் அல்ல, பிழைகளோடு பெருகிய பெருங்கூட்டம். அதன் மரபணுத் தொகுதியில் சுமார் 30,000 எழுத்துகள். வழக்கமான வாசிப்பு, வென்ற வேட்பாளரை மட்டும் அறிவிப்பதுபோல, ஒவ்வோர் இடத்திலும் பெரும்பான்மை எழுத்தை மட்டும் தரும். ஆழ்ந்த வாசிப்பிலோ ஒரே இடத்தை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் படிப்பதால், ஒவ்வொருவரும் பெற்ற வாக்குகளும் தெரியவரும். சில விழுக்காடே உள்ள திரிபும் அகப்படும். ஆனால் கருவியின் பிழையும் திரிபுபோலவே தோன்றும். அதைப் பிரித்தறிவதில்தான் பாதி உழைப்பு போகிறது.

முதல் 57 நாட்களில், இருமுறை ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்தும், வைரஸ் கூட்டம் பெரிதாக மாறவில்லை. பிறகு, குணமடைந்தவர்களின் பிளாஸ்மாவை ஏற்றினார்கள். அதிலிருந்த எதிர்ப்பொருள்கள் கூட்டத்தையே புரட்டிப்போட்டன. வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஸ்பைக் புரதத்தின் 796-ஆம் இடத்தில் மாற்றமும், 69, 70-ஆம் இடங்களில் இழப்பும் கொண்ட திரிபு மேலெழுந்தது. எதிர்ப்பொருள்கள் குறைந்ததும் அது பின்வாங்கியது. மீண்டும் பிளாஸ்மா ஏற்றியபோது திரும்பி வந்தது! அந்த ஏற்ற இறக்கம்தான் எனக்கு மிகப் பெரிய சான்றாகப் படுகிறது. ஒருமுறை மட்டும் மாதிரி எடுத்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

அது ஏன் பின்வாங்கியது? ஆய்வகத்தில் பார்த்தபோது, 796-ஆம் இட மாற்றம் எதிர்ப்பொருளிலிருந்து தப்பிக்க உதவியது. ஆனால் செல்லுக்குள் நுழையும் திறனைக் குறைத்தது. அந்த இழப்பை ஈடுகட்டியது 69-70 நீக்கம். தப்பிப்பதற்கு வைரஸும் விலை கொடுக்கிறது, கயல். எதிர்ப்பொருளின் நெருக்கடி தணிந்ததும் வேறு திரிபுகள் அதை முந்திவிட்டன.

அந்த நோயாளியைக் காப்பாற்ற முடியவில்லை. அதே 69-70 நீக்கம், அவரோடு தொடர்பின்றி, 2020 இறுதியில் பிரிட்டனில் பரவிய ஆல்ஃபா வகையிலும் இருந்தது.

அன்புடன்,
சித்தப்பா