தவிற்கலைஞர் கைவலிமை பெறும் முறை

கம்பம் கம்பராயப் பெருமாள் திருக்கோயில், பெரியகுளம் வரதராஜப் பெருமாள் திருக்கோயில் முதலான தேனி வட்டாரத் தலங்களில் எம்பெருமான் திருவீதி எழுந்தருளும்போது, அன்பர்களின் கண்கள் திருமேனியிலேயே நிலைத்திருக்கும். முன்னே நாகசுரத்தோடு நடந்து செல்லும் தவிற்கலைஞரின் தோளில், பலாமரத்தைக் குடைந்து செய்த கனமான வாத்தியம் தொங்குவதைச் சிலரே நினைப்பர். நின்று நின்று செல்லும் புறப்பாட்டில் அதனைச் சுமந்தபடியே தாளம் பிறழாமல் முழக்கும் ஆற்றல் எங்ஙனம் வருகிறது?

புயபலத்தால் வருவது என்று பலர் எண்ணுவர். அப்புயபலத்தைச் சிக்கனமாகச் செலவிடக் கற்றவனே இறுதிவரை வாசிக்கிறான் என்பதே அனுபவம் கண்ட உண்மை.

தவிலை வலக்கை விரல்களில் கூடு அணிந்தும், இடக்கையில் கழி பிடித்தும் வாசிப்பர். துணியைப் பசை தோய்த்துச் சுற்றி உலர்த்தியதே அக்கூடு. அடி விழுந்தவுடன் தோலின் விசையே கையை மேலே எழுப்பிவிடும். அவ்விசைக்கு இடங்கொடுப்பவன் கை களைப்பதில்லை. அடித்த கையைத் தோலின்மீது அழுத்துபவனோ ஒவ்வோர் அடிக்கும் இருமடங்கு உழைப்பைச் செலவிடுகிறான். ஆகவே மாணவன் முதலில் மரப்பலகையில் தட்டிப் பழகும்போதே, தோளும் முழங்கையும் இறுகாமல் மணிக்கட்டும் விரல்களும் இயங்குமாறு ஆசிரியர் கண்காணிப்பார்.

அடுத்தது காலப் பயிற்சி. ஆதிதாளத்தின் 8 அட்சரங்களில் முதற்காலத்தில் 8 அடிகள், இரண்டாங்காலத்தில் 16, மூன்றாங்காலத்தில் 32 என்று ஒரே பாடம் வேகம் பெறும். முதற்காலத்தில் எழுந்த நாதம் மூன்றாங்காலத்திலும் தெளிவு குன்றாது ஒலிக்க வேண்டும். ஒலி கலங்கினால் மீண்டும் கீழ்க்காலத்திற்கு இறங்குவதே முறை. தசை சில வாரங்களில் உரம் பெறும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் உரம் பெறப் பல மாதங்கள் ஆகும். இதனை அறியாது திருவிழா நெருங்கிவிட்டதென்று ஓரிரு வாரங்களில் பயிற்சியைப் பன்மடங்காக்கும் இளைஞன், தன் கையையே இழக்க நேரிடும். மறுநாட் காலையிலும் நீங்காத வலியும் விரல்களில் தோன்றும் மரமரப்பும் எச்சரிக்கைகள். அவற்றைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பது வீரமாகாது. ஓய்வும் மருத்துவர் ஆலோசனையும் அப்போது இன்றியமையாதன.

அமர்ந்து வாசித்துத் தேர்ந்தபின், தோளில் மாட்டி நிற்கவும், பின்னர் நடக்கவும் பழகுதல் வேண்டும். முதல் நாள் சில நிமிடங்களே போதும். நாளடைவில் நேரத்தைக் கூட்டலாம். தோளில் தாங்கும் வார் அகலமாக இருப்பின் பாரம் ஓரிடத்தில் அழுந்தாது. மூச்சை அடக்கி வாசிக்கும் பழக்கம் விரைவில் சோர்வைத் தரும். நடையோடு மூச்சும் சீராக ஓட வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கிற்கு உரிய சோதனை ஒன்றுண்டு. தென்மேற்குப் பருவத்தில் மலைகளைக் கடந்து வரும் சாரலில் வாத்தியத்தின் தோல் ஈரம் ஏற்றுத் தளரும், நாதம் மங்கும். இளைஞன் உடனே ஓங்கி அடிப்பான், கை நோகும். தேர்ந்தவனோ வாரையோ திருகாணியையோ இறுக்கிச் சுருதியை மீட்பான். குறை தோலில் இருக்கக் கையை வருத்துவானேன்? மார்கழி வைகறையில் கை விறைத்திருக்கும். அப்போது மெல்லிய அடிகளால் சூடேற்றிய பின்னரே விரைவு காலம் புகுதல் நலம்.

இசை மரபே ஓய்வையும் வகுத்துள்ளது. நாகசுரம் இராகம் ஆலாபனை செய்கையில் தவில் பெரும்பாலும் அடங்கியிருக்கும். தனி வாசிக்கையில் இரு தவிற்கலைஞர்கள் மாறி மாறி முழக்குவர். ஒருவர் வாசிக்க மற்றவர் கை ஆறும். செவியோ தாளத்தை விடாது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949), யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) ஆகிய மேதைகளின் புகழ் இன்றும் நிலைப்பது, ஓசையின் வன்மையோடு நாதத்தின் தெளிவும் அவர்கள் கையில் அமைந்ததனாலன்றோ!

இம்முயற்சியில் சேவார்த்திகளுக்கும் பங்குண்டு. நெரிசலில் தவிற்கலைஞரின் கைகளுக்கு இடம் விடுதலும், வாகனம் நிற்குமிடத்தில் அவர் வாத்தியத்தை இறக்கி வைக்க ஒரு பலகை இடுதலும், ஒரு செம்பு நீர் அளித்தலும் எளிய செயல்களே. பெருமாள் சந்நிதி திரும்பும் நேரத்திலும் முதல் வீதியில் கேட்ட அதே நாதம் கேட்குமாயின், அதன் பின்னே பல்லாண்டுப் பொறுமை நிற்கிறது என்பதை அன்பர்கள் உணர்வார்களாக.