பழைய சான்ட்ரோவின் உண்மையான விலை

அன்புள்ள மருமகன் கதிரவனுக்கு,

சேமித்த பணத்தைக் கொண்டு பழைய சான்ட்ரோ கார் ஒன்றை வாங்க எண்ணும் இளைஞர், விற்பவர் சொல்லும் தொகையை மட்டுமே வண்டியின் விலையாகக் கொள்ளலாகாது. முந்தைய உரிமையாளர் செய்யாமல் தள்ளிப்போட்ட வேலைகளுக்கான செலவையும் அதனோடு கூட்டிப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையில் உருவாகி 1998-இல் விற்பனைக்கு வந்த இச்சிறு கார், 2003-இல் சான்ட்ரோ ஜிங் என மறுவடிவம் பெற்று 2014 வரை தயாரிக்கப்பட்டது. தொடக்கத்தில் 999 சி.சி. ஆக இருந்த அதன் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் பின்னர் 1,086 சி.சி. ஆயிற்று. உதிரிபாகங்கள் இன்றும் கிடைப்பதாலும், பெரும்பாலான மெக்கானிக்குகளுக்குப் பழகிய வண்டி என்பதாலும் இதற்கு மதிப்பு நீடிக்கிறது. எனினும் சந்தையிலுள்ள இவ்வகைக் கார்கள் அனைத்தும் பத்தாண்டைக் கடந்தவை ஆதலால், குறைவாக ஓடிய வண்டியிலும் ரப்பர் பாகங்கள் காலத்தாலேயே முதிர்ந்திருக்கும்.

முதலில் கேட்டறிய வேண்டியது டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதாகும். எஞ்சினின் அடியிலுள்ள கிராங்க் தண்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறந்து மூடும் மேல்தண்டுக்குக் கடத்தும் பல் வைத்த ரப்பர் பட்டையே இது. 50,000 முதல் 60,000 கிலோமீட்டருக்குள் இதை மாற்றிவிடுவது வழக்கம். ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் மோதி வால்வுகள் வளையக்கூடும். உரிய காலத்தில் பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்ற வெளிப் பணிமனைகளில் கூலியுடன் ஏறத்தாழ 3,000 முதல் 5,000 ரூபாய் ஆகும்; அறுந்த பின் எஞ்சின் தலையைக் கழற்றிச் செய்யும் வேலையோ அதைப்போல் பல மடங்காகும். மாற்றியதற்குப் பில் இல்லையெனில், மாற்றவில்லை என்றே கொண்டு அத்தொகையை விலையில் குறைத்துக் கேட்பது முறை.

அடுத்தது எஞ்சினைக் குளிர்விக்கும் அமைப்பு. கூலன்ட் எனப்படும் குளிர்திரவத்துக்குப் பதிலாக வெறும் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டிகளில் ரேடியேட்டரின் உட்புறம் துருவும் உப்பும் படிந்து அடைத்துக்கொள்ள, வெயில் காலத்து நெரிசலில் எஞ்சின் சூடேறி, சிலிண்டர் தலைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள ஹெட் காஸ்கெட் என்னும் தகடு பழுதாகிவிடும். ரேடியேட்டர் நீர் துருநிறமாக இருப்பதும், ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்தாற்போல் வெளுத்திருப்பதும் இதற்கான எச்சரிக்கைகளாதலால், வண்டி ஆறிய பின் ரேடியேட்டர், ஆயில் மூடிகள் இரண்டையும் திறந்து பார்க்க வேண்டும்.

மேடுபள்ளத்தில் முன்புறம் கடகடவென ஒலித்தால், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷோ, திருப்பும் விசையைச் சக்கரங்களுக்குச் சேர்க்கும் ஸ்டீயரிங் ராக்கோ தேய்ந்திருக்கும். புஷ் மாற்றுவது சிறு செலவு. ராக் முழுவதையும் மாற்றுவது பெருஞ்செலவு. கிளட்ச் மிதி உயரத்திலேயே பிடித்து, எஞ்சின் இரைந்தும் வண்டி வேகம் எடுக்காவிட்டால், பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் ஒருங்கே மாற்ற ஏறத்தாழ 6,000 முதல் 9,000 ரூபாய் ஒதுக்க வேண்டும். நான்கு டயர்களுக்கு 14,000 ரூபாய்க்கு மேலும், ஏ.சி. கம்ப்ரஸர் கெட்டிருந்தால் 10,000 ரூபாய்க்கு மேலும் ஆகக்கூடும். இவை ஊருக்கு ஊர் மாறும் தோராயத் தொகைகள். எனினும் இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்தால் வண்டியின் விலையில் பாதியை எட்டிவிடவும் கூடும். கதவடி, தரைத்தகடு ஆகியவற்றை உள்ளிருந்து அரிக்கும் துருவோ எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் திரும்ப வருவதால், தரைத்தகட்டில் ஓட்டை விழுந்த வண்டியைத் தவிர்ப்பதே நல்லது.

வண்டியின் ஆவணங்களிலும் செலவு ஒளிந்திருக்கிறது. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். பின்னர் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாகவும், 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. பசுமை வரி இதற்கு வெளியே தனியாக உண்டு. ஆகவே ஆர்.சி. புத்தகத்தில் பதிவுநாளைப் பார்க்காமல் விலை பேசலாகாது. ஆவணங்கள் தவிர, இப்போது விற்கப்படும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென இவ்வண்டிகள் வடிவமைக்கப்படவில்லை என்பதால், எரிபொருள் செல்லும் ரப்பர் குழாய்களையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

வாங்கிய பின் பிரேக், ஸ்டீயரிங், டயர் ஆகிய உயிர்காக்கும் பாகங்களை முதலிலும், எஞ்சினைக் காக்கும் பெல்ட்டையும் கூலன்ட்டையும் அடுத்தும், ஏ.சி.யையும் பெயின்ட்டையும் கடைசியிலும் கவனிப்பதே சரியான வரிசை. கையிலுள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்கையேனும் முதலாண்டுப் பழுதுகளுக்கென எடுத்துவைத்து, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கை உடன் அழைத்துச் சென்று, அதன் பின்னரே கதிரவன் விலை பேச வேண்டும் என்பதே இக்கடிதத்தின் வேண்டுகோள்.

என்றும் நலம் நாடும்,
தாய்மாமன்