தானாத் திரிஞ்ச பாலும் நாமாத் திரிச்ச பாலும்

நம்ம வீரசோழனில் பால் திரிந்துபோனால் வீட்டில் ஒரு சலிப்பு வரும். சீனியைப் போட்டுக் கிண்டி யாராவது தின்பார்கள், இல்லாவிட்டால் நாய்க்குப் போகும். அதைப் போன்ற பொருளை இப்போது பன்னீர் என்று அருப்புக்கோட்டையிலிருந்து காசு கொடுத்து வாங்கிவருகிறீர்கள். கைப்பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று தலைப்பிள்ளைக்காரிகள் கேட்கிறீர்கள். கொடுக்கலாம் தாயி. அங்கன்வாடியில் ஊட்டிப் பழகிய கை இது. அந்த உரிமையில் சொல்கிறேன்.

1. முதலில் 6 மாதம் முடியட்டும். அதுவரை தாய்ப்பால் மட்டும்தான். சித்திரை வெயிலானாலும் தண்ணீர்கூட வேண்டாம். பிறகு கூழும் பருப்புச் சோறும் பழகி, தலை நின்று, பிடித்து உட்கார வைத்தால் உட்காரும் பிள்ளைக்குப் பன்னீர் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பது தப்பு. சோற்றோடு கொஞ்சம் தயிரோ பன்னீரோ சேர்ப்பது தப்பில்லை.

2. தானாகத் திரிந்த பாலைப் பிள்ளை பக்கமே கொண்டுபோகாதே. அதில் எந்தக் கிருமி வளர்ந்திருக்கிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நல்ல பாலைப் பொங்கக் காய்ச்சி, நீயாக எலுமிச்சை பிழிந்து திரிப்பதுதான் பன்னீர்.

3. "நம்ம வீட்டு ஆடு, நம்ம வீட்டு மாடு" என்ற நம்பிக்கையில் பச்சைப்பாலைத் தொடாதே. கன்று வீச்சு நோய் உள்ள ஆடும் மாடும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கிருமி பாலில் வரும். மனிதருக்கு வந்தால் விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டுவலி என்று வாரக்கணக்கில் படுத்தும். காய்ச்சினால் அந்தக் கிருமி செத்துப்போகும்.

4. ஆட்டுப்பால் மருந்து என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. காய்ச்சித் திரித்தால் நல்ல பன்னீர்தான். ஆனால் ஆட்டுப்பாலை மட்டுமே குடித்து வளரும் பிள்ளைக்கு ஃபோலிக் சத்து குறைந்து இரத்தசோகை வரும். பசும்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. அதை மாற்றாக நினைக்காதே.

5. செய்முறை சின்னது. கால் லிட்டர் பால் பொங்கியதும் அடுப்பைக் குறை. எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடு. கட்டி வேறு, இளம்பச்சை நிறத் தண்ணீர் வேறு என்று பிரிந்ததும் நிறுத்து. கொதிக்கவைத்த வெள்ளைத் துணியில் வடிகட்டி, காய்ச்சி ஆறிய நீரால் புளிப்புப் போக அலசு. லேசாகப் பிழிந்தால் போதும். அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தால் ரப்பராகிவிடும். அது குழம்புக்கு ஆகும், குழந்தைக்கு ஆகாது.

6. உப்பு, சீனி வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் படவே கூடாது. வளைகுடாவிலிருந்து மாமன் கொண்டுவரும் முக்கோணச் சீஸ் ருசிதான், ஆனால் உப்பு அதிகம். மாமனே சாப்பிடட்டும்.

7. முதல் நாள் அரை டீஸ்பூன், காலை நேரத்தில். ராத்திரியில் புதுசு எதுவும் கொடுக்காதே. ஏதாவது ஆனால் இருட்டில் வண்டி தேடுவாய். மூன்று நாளைக்கு வேறு புதுப் பண்டம் சேர்க்காமல் பார். தடிப்பு, வாந்தி, மலத்தில் இரத்தம் தெரிந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டு. உதடோ முகமோ வீங்கினால், மூச்சு இழுத்தால், யோசிக்காமல் 108.

8. துண்டாகக் கொடுக்காதே. ஒரு கல்யாண வீட்டில் என் பேரன் இலையிலிருந்த பன்னீர்த் துண்டை எடுத்து வாயில் போட்டு, சத்தமே வராமல் முகம் கறுத்தான். அன்றிலிருந்து என் சோதனை இதுதான்: கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் மசிந்துவிட வேண்டும். கேழ்வரகுக் கூழிலோ குதிரைவாலிக் கஞ்சியிலோ மசித்து, உட்கார வைத்து ஊட்டு. ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு அடைத்துவிட்டால் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதே. முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் 5 தட்டு. வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில், நெஞ்செலும்பின் மேல், ஒரு உள்ளங்கையின் அடியால் 5 அழுத்து. மாற்றி மாற்றிச் செய். பக்கத்தில் இருப்பவர் 108 கூப்பிடட்டும்.

9. அன்று செய்ததை அன்றே முடி. கடையில் வாங்கினால் தேதி பார்த்து, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாக்கெட்டாக வாங்கு; உதிரியாக வெட்டித் தரும் கட்டி வேண்டாம். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம் வெளியே இருந்தாலே அது பிள்ளைக்கு ஆகாது. அருப்புக்கோட்டை பஸ்ஸில் கூட்டத்துக்குள் மடியில் வைத்து வந்ததை நீயே கணக்குப் போட்டுப் பார். ராத்திரி முழுக்கக் கரண்ட் போயிருந்தால் ஃபிரிட்ஜை நம்பாதே. பிள்ளை எச்சில் பட்ட கிண்ணத்தில் மிச்சத்தை எடுத்து வைக்காதே.

10. பிடித்துவிட்டது என்று தினமும் அதையே ஊட்டாதே. பாலிலும் பன்னீரிலும் இரும்புச்சத்து சொற்பம். வயிறு அதிலேயே நிறைந்தால் முருங்கைக்கீரைக்கும் முட்டைக்கும் இடம் இருக்காது. மலமும் இறுகும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஓரிரண்டு டீஸ்பூன் தாராளம்.

கடைசியாக ஒன்று. "திரிந்த பாலையா பிள்ளைக்கு ஊட்டுகிறாய்?" என்று மாமியார் கேட்கத்தான் செய்வார். கோபப்படாதே. அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டு, பொங்கும் பாலையும் எலுமிச்சை மூடியையும் காட்டு. "தானாத் திரிஞ்சது இல்லை அத்தை, நான் திரிச்சது" என்று சொல்லிக் கிண்ணத்தை அவர் கையிலேயே கொடு. மசிக்கிற வேலைக்கு அவர் விரலைவிடப் பழகிய விரல் அந்த வீட்டில் வேறு இல்லை.