கலங்கல் எந்தப் பக்கம்? காட்டாங்குளத்தூரில் வரைபட ஓட்டம்

ஞாயிறு விடியற்காலையில் ஜி.எஸ்.டி. சாலை ஓரமாக ஓடுகிறவர்களைத் தாம்பரம் முதல் சிங்கப்பெருமாள்கோவில் வரை பார்க்கலாம். கையில் கடிகாரம், காதில் பாட்டு, மனசில் பத்து கிலோமீட்டர் கணக்கு. அவர்களில் யாராவது “ஒரே ரோட்டில் ஓடி அலுத்துவிட்டது” என்றால் நான் சிபாரிசு செய்வது ஓரியண்டியரிங். கிளம்பும் நேரத்தில் ஒரு வரைபடம் தருவார்கள். அதில் வட்டமிட்ட இடங்களை வரிசைப்படி தேடிப் போய்ப் பதிந்துவிட்டு வர வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது உங்கள் பாடு.

நார்வேயில் 1897-இல் தொடங்கிய போட்டி இது. நம் நாட்டில் பெரும்பாலும் ராணுவத்தோடும் என்.சி.சி.யோடும் நின்றுவிட்டது. இத்தனைக்கும் இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் நிலஅளவை நம் பறங்கிமலையிலிருந்துதான் கிளம்பியது. 1802-இல் அந்த அளவையைத் தொடங்கிய லாம்டன் அங்கிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர் சங்கிலி பிடித்து அளந்தார். இன்று அதே பக்கத்து ஆட்கள் கூகுள் அக்கா சொல்லாமல் தெருமுனை திரும்புவதில்லை.

முதலில் வரைபடம்

ஷூ வாங்கும் முன் நிறங்களைப் பழகிக்கொள்ளுங்கள். வெள்ளை என்றால் வெட்டவெளி என்று நினைப்போம். இங்கே அது தடையில்லாமல் ஓடக்கூடிய காடு. வெட்டவெளிக்கு மஞ்சள். பச்சை அடர அடர நுழைவது கடினம். நம் ஊரில் கரும்பச்சை என்றால் சீமைக் கருவேலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சட்டை கிழியும். பழுப்புக் கோடு மேடுபள்ளம், கருப்பு பாறையும் கட்டடமும் பாதையும், நீலம் தண்ணீர். ஊதா முக்கோணம் தொடக்கம், ஒற்றை வட்டம் தேட வேண்டிய இடம், இரட்டை வட்டம் முடிவு. 1:10,000 அளவில் ஒரு சென்டிமீட்டர் 100 மீட்டர். வளாகங்களிலும் தெருக்களிலும் நடக்கும் குறுந்தூரப் போட்டிக்கு 1:4,000. அங்கே ஒரு சென்டிமீட்டர் 40 மீட்டர்.

நீல நிறத்தில் மட்டும் எச்சரிக்கை. ஜனவரியில் தளும்பும் ஏரிக்குள் மே மாதம் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். கரையை நம்புங்கள், நீர் விளிம்பை நம்பாதீர்கள்.

பிறகு திசைகாட்டி

கண்ணாடி போன்ற தட்டில் பொருத்திய வகை போதும். ஐரோப்பாவுக்கென்று சமன்செய்த முள் இங்கே ஒரு பக்கம் சாய்ந்து உரசும், ஏனென்றால் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடிக்கு அருகில் போகிறது. எல்லா நாட்டுக்கும் ஏற்ற முள்ளா என்று கேட்டு வாங்குங்கள். போட்டி வரைபடத்தில் காந்த வடக்கையே கோடுகளாகப் போட்டிருப்பார்கள். கூட்டல் கழித்தல் எதுவும் வேண்டாம்.

காலடிக் கணக்கு

தெருவில் 100 மீட்டர் அளந்து, இடது கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணுங்கள். மெதுவோட்டத்தில் பலருக்குச் சுமார் 40 வரும். முள்காட்டில் கூடும். உங்கள் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

களத்தில்

எல்லாவற்றுக்கும் மேலான வித்தை, வரைபடத்தைத் திருப்புவது. நீங்கள் திரும்பும்போதெல்லாம் தாளும் திரும்ப வேண்டும். அதன் வடக்கு எப்போதும் நிஜ வடக்கைப் பார்க்க வேண்டும். நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, நகர நகர விரலையும் நகர்த்துங்கள். படிக்க முடியாத வேகத்தில் ஓடாதீர்கள். சாலை ஓட்டக்காரர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்; கால் முந்தும், கண் பிந்தும்.

அடுத்தது, பிடித்துக்கொண்டு போக ஒரு கோடு. மாடிப்படிக் கைப்பிடி மாதிரி. ஏரிக்கரை, வாய்க்கால், மதில், மின்கம்பி வரிசை என்று காட்டாங்குளத்தூரைச் சுற்றி இதற்குக் குறைவில்லை. ரயில் பாதையைத் திசை தெரிய வைத்துக்கொள்ளலாம். குறுக்கே தாண்டுவது குற்றம், நடைமேம்பாலத்தில் ஏறுங்கள்.

நண்பர்கள் நாலு பேர் வைத்துக்கொண்ட ஒரு பயிற்சி ஓட்டத்தில் எனக்குக் கிடைத்த இலக்கு, ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கல். கெட்டிக்காரத்தனமாகத் திசைகாட்டியை நேரே கலங்கலுக்குக் குறிவைத்துப் புதருக்குள் புகுந்தேன். வெளியே வந்தால் கரை இருக்கிறது, கலங்கலைக் காணோம். இடமா, வலமா? இடம் என்று ஊகித்து ஓடினேன். கரை முடியும் இடத்தில் மதகு சிரித்தது. வந்த வழியே திரும்பினேன், எட்டு நிமிடம் போயிற்று.

இதற்கு மருந்து எளிது. இலக்கு ஒரு நீளமான கோட்டின் மேல் இருந்தால் நேராகக் குறிவைக்காமல், வேண்டுமென்றே ஒரு பக்கமாக ஐம்பது மீட்டர் தள்ளிப் போங்கள். வலப்புறம் தள்ளிப் போனால், கரையைத் தொட்டதும் இடப்புறம் திரும்ப வேண்டும் என்பதில் சந்தேகமே இராது.

போட்டி நாளில்

இலக்கில் 30 சென்டிமீட்டர் அளவில் ஆரஞ்சும் வெள்ளையுமான கொடி தொங்கும். அதன் எண் 31 அல்லது அதற்கு மேல் இருக்கும். கையிலுள்ள குறிப்புச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பதியுங்கள். பக்கத்துக் கொடியில் பதிந்தால் தகுதி இழப்பு. முன்னால் போகிறவர் பின்னாலேயே ஓடாதீர்கள், அவருடைய தடம் வேறாக இருக்கலாம். பாதியில் விட்டாலும் முடிவிடத்துக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் உங்களைத் தேடி ஆள் அனுப்புவார்கள். முழுக்கால் உடை, விசில், தண்ணீர் அவசியம். ஆபத்தென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊத வேண்டும்.

நீங்களே நடத்த

போட்டி வரும் என்று காத்திருப்பதைவிட இது சுலபம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை எடுத்து, ஓபன்ஓரியண்டியரிங் மேப்பர் என்ற இலவச மென்பொருளில் வரையலாம். 2021 பிப்ரவரியில் விதி தளர்ந்தபின் இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பக்கம் போகவே வேண்டாம். கொடி நட ஆள் இல்லையென்றால் மேப்ரன் செயலி இருக்கிறது. இலக்கை அடைந்ததும் கைப்பேசியே பதிந்துகொள்ளும். புதியவர்களுக்கு வரிசை முறையை விடப் புள்ளி முறை நல்லது: 45 நிமிடம், எந்த இலக்குக்கு வேண்டுமானாலும் போகலாம், தாமதித்தால் புள்ளி குறையும்.

இடத்துக்கு அனுமதி கேளுங்கள். கல்லூரி வளாகம், பூங்கா, ஊராட்சி ஏரிக்கரை ஆகியவை தோதானவை. வண்டலூர்ப் பக்கக் காப்புக்காட்டுக்குள் சொல்லாமல் நுழையக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் மாண்டதையடுத்து, அதே ஆண்டு மலையேற்றத்துக்கே தமிழக அரசு தனி விதிகள் போட்டது. தண்ணீர் நிற்கும் கல்குவாரிப் பள்ளம் இருந்தால் அந்தப் பக்கம் இலக்கே வைக்காதீர்கள். ஏற்ற காலம் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை, காலை ஆறு மணிக்குத் தொடக்கம்.

முடிந்ததும் பொத்தேரி ஸ்டேஷன் பக்கம் டீ குடித்தபடி, போன வழியை வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் வரைந்து மற்றவர்களுடையதோடு ஒப்பிடுங்கள். எங்கே நேரம் போனது என்று அதில்தான் தெரியும். என் சிவப்புக் கோடு அன்று மதகு வரை போய், அப்படியே திரும்பி வந்திருந்தது.