சுவருக்கு ஒரு பீங்கான்: பண்டத்தரிப்பு வீட்டில் படம் பதிக்கும் முறை

பீங்கான் கோப்பையில் படம் பதிக்கத் தொடங்குமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். அது சுவரில் தொங்கப்போகிறதா, சோறு போட்டுச் சாப்பிடவா? சாப்பிடத்தான் என்றால் கடையில் வாங்கிவிடுவதே நல்லது. மாத்தளையிலும் தங்கொட்டுவையிலும் உள்ள தொழிற்சாலைகளின் பீங்கான்களில் பூ வேலை எத்தனை வருடம் கழுவினாலும் நிற்கிறது. கனிம நிறங்களால் அச்சிட்ட டெகால் என்னும் ஒட்டுப்படத்தை ஒட்டி, ஏறத்தாழ 800 பாகை செல்சியசில் மறுபடி சுடுவார்கள். அந்தச் சூட்டில் நிறம் பளபளப்புப் பூச்சோடு உருகி ஒன்றாகிவிடும். வீட்டு ஓவன் 250 பாகையைத் தாண்டுவதே அரிது. ஆகவே நாம் ஒட்டுவது பூச்சுக்கு மேல் ஒரு பாலாடைப் படலம். பார்க்க அழகு, தின்ன உதவாது.

படத்தை வேறொன்றில் அச்சிட்டுப் பீங்கானுக்கு மாற்றும் யோசனை பழையது. 1756இல் லிவர்பூலில் ஜோன் சாட்லரும் கை கிறீனும் ஆறு மணி நேரத்தில் 1200க்கு மேற்பட்ட சுவர் ஓடுகளில் படம் பதித்ததாகச் சத்தியக்கடதாசியே கொடுத்தார்கள். நமக்கு ஒரு பின்னேரத்துக்கு ஒரு கோப்பை போதும்.

வேண்டிய பொருட்களில் டெகால் தாள்தான் ஊரில் கிடைப்பது கஷ்டம். கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம், கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் சொந்தக்காரரிடம் சொல்லிவிடலாம், பாரமே இல்லாத பொருள். சொல்லும்போது இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். தாள் இங்க்ஜெட்டுக்கா, லேசர் பிரிண்டருக்கா? நிறமற்றதா, வெள்ளையா? இங்க்ஜெட் தாளை லேசர் பிரிண்டரில் விட்டால் அதன் சூட்டில் படலம் உருகி உருளையில் ஒட்டி, பிரிண்டர் பழுதாகலாம். கொமியூனிகேசன் கடையில் அச்சிடக் கொடுப்பவர்கள் எந்தப் பிரிண்டர் என்று கட்டாயம் கேளுங்கள். வெள்ளைக் கோப்பைக்கு நிறமற்ற தாள். கடும் நிறக் கோப்பைக்கு வெள்ளைத் தாள். பிரிண்டரில் வெள்ளை மை இல்லாதபடியால் படத்தின் வெள்ளைப் பகுதியெல்லாம் கோப்பையின் நிறமாகத்தான் தெரியும்.

படத்தைத் தெரிவு செய்யும்போதும் இதை மனதில் வையுங்கள். நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் டெல்வ்ற் என்று பெயரிட்டார்களே, அந்த டெல்வ்ற் நகரம் வெள்ளையில் நீலம் தீட்டிய பாண்டங்களுக்குப் பேர்போனது. அதே ஒற்றை நீலத்தில் ஒரு பனங்கூடலையோ வீட்டுக் கோலத்தையோ அச்சிட்டுப் பாருங்கள். பல நிறப் புகைப்படத்தைவிட அது எடுப்பாக இருக்கும் என்பது என் எண்ணம்.

கோப்பை பளபளப்பாக, மேடுபள்ளம் இல்லாமல் இருக்கவேண்டும். புடைப்புப் பூ வேலை உள்ளதில் படலம் சுருங்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடையுங்கள். பழைய கோப்பை என்றால் இரண்டு தடவை துடைக்கவேண்டும். கறி எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். அதன்பிறகு ஒட்டும் இடத்தில் விரல் படக்கூடாது.

தாளின் மினுங்கும் பக்கத்தில் அச்சிட்டு அரை மணி நேரம் காயவிடுங்கள். இங்க்ஜெட் மை தண்ணீரில் கரையும். ஆகவே ஹார்ட்வெயார் கடையில் வாங்கும் நிறமற்ற அக்கிரிலிக் ஸ்பிரேயை மெல்லிதாக இரண்டு மூன்று தரம் அடிக்கவேண்டும். ஒன்று காய்ந்தபின்தான் அடுத்தது. இதை முற்றத்தில், அடுப்புக்கும் விளக்குக்கும் தூரத்தில், மூக்கைக் கட்டிக்கொண்டு செய்யுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் புழுதி வந்து ஒட்டும் என்பதால் காற்று எழுமுன் விடியற்காலையில் அடிப்பது புத்தி. லேசர் அச்சுக்கு இந்த வேலை இல்லை.

இனித்தான் கவனம் வேண்டும். வலிகாமத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை, தண்ணீர் கடினம். கேத்திலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் பொருக்கு, தண்ணீர் உலர்ந்தபின் படத்துக்கு அடியிலும் மங்கலாகத் தெரியும். ஆகவே படத்தை வடித்த மழைத்தண்ணீரிலோ போத்தல் தண்ணீரிலோ ஊறவையுங்கள். வெட்டிய படத்தைப் போட்டதும் சுருளும்; பிறகு விரியும். 30 முதல் 60 விநாடிக்குள் பெருவிரலால் மெல்லத் தள்ளினால் படலம் வழுக்கவேண்டும். வழுக்காவிட்டால் இழுக்காதீர்கள், இன்னும் கொஞ்சம் ஊறட்டும். கோப்பையையும் நனைத்து, தாளோடு சேர்த்து அதன்மேல் வைத்து, தாளை அடியிலிருந்து உருவி எடுங்கள். ஈரம் இருக்கும்வரை படத்தை நகர்த்தி இடம் சரிபார்க்கலாம். பிறகு பழைய போன் கார்ட் ஒன்றை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தண்ணீரையும் காற்றையும் வெளியே தள்ளுங்கள். மிஞ்சிய குமிழியை ஊசியால் குத்தி அழுத்தலாம். வளைந்த விளிம்பில் மடிப்பு விழுந்தால் படலத்தின் ஓரத்தில் சிறு வெட்டுக் கொடுக்க அது படிந்துவிடும்.

ஒரு முழு நாள் காயவேண்டும். வாடை மழைக் காலமென்றால் இரண்டு நாள். பிறகு ஓவனில் வைக்கலாமா என்பதைத் தாள் பக்கற்றில் பாருங்கள். வைக்கச் சொல்லியிருந்தால் பெரும்பாலும் 110 பாகை அளவில் பத்துப் பதினைந்து நிமிடம்தான். குளிர்ந்த ஓவனில் கோப்பையை வைத்தே சூடேற்றி, அணைத்தபின் உள்ளேயே ஆறவிடவேண்டும். திடீர்ச் சூடும் திடீர்க் குளிரும் பீங்கானை வெடிக்கவைக்கும். காஸ் அடுப்பில் காட்டும் யோசனையே வேண்டாம். கடைசியாக ஓரங்களும் மூடும்படி இன்னொரு மெல்லிய ஸ்பிரே.

மாதகல் பக்கத்து உப்புக்காற்று இங்கேயும் வரும் என்பதால், தொங்கவிடும் கம்பி துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். மேற்கு வெயில் விழும் விறாந்தைச் சுவரில் மாட்டினால் இங்க்ஜெட் நிறம் சீக்கிரம் வெளிறும். தூசியை ஈரத்துணியால் துடைத்தால் போதும். யாருக்காவது பரிசாகக் கொடுத்தால், ‘சாப்பாட்டுக்கு அல்ல’ என்று அழியாத மையால் கோப்பையின் பின்புறத்தில் எழுதிக் கொடுங்கள்.