கேட்பவர் பக்கமிருந்து தொடங்கு

வட்டவளை

அன்புள்ள மாணவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மலையகத்தில் ஒரு பன்னாட்டு சூஃபி இசைவிழா நடத்த வேண்டும் என்று உங்கள் மாணவர் குழு தீர்மானித்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. எந்தெந்த நாட்டுக் குழுக்களை அழைக்கலாம், யாரிடம் அனுசரணை கேட்கலாம், மேடை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் முன்னால் நீங்கள் கூடிப் பேச வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த விழாவுக்கு வந்து உட்காரப்போகிறவர் யார், அவர் எப்படிக் கேட்கப்போகிறார்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மேடையும் செலவும் நேரமும் தாமாகவே ஒழுங்குக்கு வரும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், சூஃபி இசையில் கேட்பவருக்குப் பாடுகிறவருக்கு நிகரான இடம் உண்டு. தில்லியில் நிஸாமுத்தீன் அவ்லியாவின் தர்காவில் கவ்வாலி பாடுகிறவர்களைக் கவனித்தால் இது விளங்கும். கூட்டத்தில் யாராவது ஓர் அடியைக் கேட்டு உருகிவிட்டால் பாடகர் அந்த அடியைத் தாண்டிப் போகமாட்டார். அவர் நிலைக்குத் திரும்பும்வரை அதையே மீண்டும் மீண்டும் பாடுவார். பாட்டின் நீளத்தைக் கேட்பவரின் மனம் தீர்மானிக்கிறது. இப்படிப்பட்ட கலைஞரை அழைத்துவந்து 'உங்களுக்கு இருபது நிமிடம்' என்று கடிகாரத்தைக் காட்டினால், அவர் பாடிவிட்டுப் போவார். ஆனால் அவர் கொண்டுவந்தது உங்களுக்குக் கிடைக்காது. ஒரு மாலைக்கு ஏழு குழுக்கள் வேண்டாம், இரண்டு போதும்.

துருக்கியின் கொன்யா நகரத்தையும் படித்துப் பார். சூஃபிக் கவிஞர் மௌலானா ரூமி 1273 டிசம்பர் 17இல் மறைந்த ஊர் அது. அவர் வழிவந்த மெவ்லவிகள் சுழன்றாடும் ஸெமா ஒரு வழிபாடு. 1925இல் துருக்கி அரசு சூஃபி மடங்களை மூடியது. 1950களில் ஸெமா பண்பாட்டு நிகழ்ச்சி என்ற பெயரில் பொதுமக்கள் முன் மீண்டும் வந்தது. பின்னர் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்து, 2008இல் பட்டியலிலும் சேர்த்தது. அந்தப் பட்டியலின் குறிப்பிலேயே ஒரு கவலை பதிவாகியிருக்கிறது: பல ஸெமா நிகழ்ச்சிகள் சுற்றுலாப் பயணிகளுக்காகக் குறுக்கப்பட்டு எளிமையாக்கப்பட்டுவிட்டன என்பதே அது. ஆட்டம் பிழைத்திருக்கிறது, உலகப் புகழும் பெற்றிருக்கிறது. ஆனாலும் பார்க்க வருகிறவரின் அவசரம் அதன் உருவத்தை மாற்றிவிட்டது. விழா நடத்துகிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

நன்றாக நிலைத்த விழாக்களுக்கு ஒரு தெளிவான காரணமோ பொருத்தமான இடமோ இருந்தது. 1991 வளைகுடாப் போரால் நாடுகளும் மதங்களும் ஒன்றையொன்று பகையோடு பார்த்த காலத்தில், மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் மானுடவியலாளர் ஃபௌஸி ஸ்கலி உலகப் புனித இசைவிழாவைத் தொடங்கினார். அது 1994இல். பல மதங்களின் இசையை ஒரே ஊரில் ஒருவர் பக்கத்தில் ஒருவராக உட்கார்ந்து கேட்கவைப்பதே அவருடைய நோக்கம். தில்லியில் திரைப்பட இயக்குநர் முஸஃபர் அலி 2001இல் ஜஹானே குஸ்ரோ விழாவைத் தொடங்கியபோது, ஹுமாயூன் சமாதியை ஒட்டிய பழைய கட்டட வளாகத்தைத் தேர்ந்தார். 1325இல் மறைந்த கவிஞர் அமீர் குஸ்ரோ அடங்கிய இடம் அங்கிருந்து நடந்துபோகும் தூரம். அந்த மண்ணுக்கும் அந்தப் பாட்டுக்கும் உறவு இருந்தது. உங்கள் விழாவுக்கு மலையகத்தோடு என்ன உறவு என்று நாளை யாராவது கேட்பார்கள். பதிலை இப்போதே தேடி வைத்துக்கொள்.

தேடினால் நிறையக் கிடைக்கும். வட்டவளை வழியாக ஹட்டனுக்குப் போய், மஸ்கெலியா தாண்டி நல்லதண்ணியில் இறங்கி ஏறுகிறார்களே, அந்தச் சிவனொளிபாத மலையை முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்பார்கள். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா அந்த மலையில் ஏறினார். மலையுச்சியிலுள்ள திருவடிக்குப் போகும் வழியை முதலில் திறந்தவர் ஷீராஸ் நகரத்து சூஃபி இப்னு கஃபீஃப் என்று அவர் தம் பயணநூலில் சொல்கிறார். பாரசீகத்து ஞானி ஒருவரின் பெயர் தேயிலை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் மலையோடு சேர்ந்துவிட்டது. பௌத்தர், இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர் என நான்கு சமயத்தாரும் ஏறுகிற மலையின் அடிவாரத்தில் சூஃபி விழா நடத்துவதற்கு வேறு நியாயம் தேவையில்லை.

'பன்னாட்டு' என்றதும் நீ ஈரானையும் துருக்கியையும் பாகிஸ்தானையும் எழுதியிருக்கிறாய். அவர்கள் வரட்டும். ஆனால் தமிழ் பேசிய சூஃபிகள் எப்போதோ கடல் கடந்துவிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் நாகூரில் அடங்கிய ஷாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவைத் தமிழ் முஸ்லிம் வணிகரும் மாலுமிகளும் போன இடமெல்லாம் கொண்டுபோனார்கள். பினாங்கில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது இன்னொன்று. நம் நாட்டில் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் பன்னிரண்டு நாள் கொடியேற்று விழா நடக்கிறது. இந்த மூன்று இடத்திலும் அவருடைய உடல் இல்லை. மக்களின் அன்பு மட்டுமே அங்கே தலம் அமைத்தது.

குரு பாவா முகையதீனையும் நினைத்துப்பார். யாழ்ப்பாணத்தில் ஆசிரமம் அமைத்து, மண்கும்பானில் மர்யம் அம்மையாரின் நினைவாகப் பள்ளி எழுப்பியவர். 1971இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குப் போனார். 1986 டிசம்பர் 8இல் மறையும்வரை அங்கும் இங்கும் அவர் பேசியதும் பாடியதும் தமிழில்தான். பக்கத்திலிருந்தவர்கள் மொழிபெயர்த்துச் சொன்னார்கள், ஒலிநாடாவில் பதிந்து வைத்தார்கள். ரூமியை ஆங்கில வாசகரிடம் பரப்பிய கவிஞர் கோல்மன் பார்க்ஸ் தம் ஆசிரியராகப் போற்றியது இந்தத் தமிழ்ப் பெரியவரைத்தான். வந்தவர்களுக்குத் தாமே சமைத்துப் பரிமாறுவது அவர் பாடம் சொல்லும் முறைகளில் ஒன்று. உலகத்தை அழைக்கும்போது நாம் வெறுங்கையோடு நிற்கவில்லை என்று உன் தோழர்களுக்கு இதைச் சொல்.

ஆகவே முதல் மாலையைத் தமிழுக்குக் கொடு. குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) சித்தர்களின் சொல்லாட்சியோடு பாடியவர். பட்டினத்தாரையும் தாயுமானவரையும் கேட்டு வளர்ந்த தோட்டத்துப் பெரியவர்களுக்கு அவர் பாட்டு உடனே பிடிபடும். தக்கலை பீர்முகமது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுவிழாவில் அவ்வூரார் இரவெல்லாம் கூடிப் பாடுகிறார்கள். அவர்களில் சிலரை அழைக்க முடியுமா என்று பார். நோன்பு மாதத்தில் ரபான் தட்டி ஸஹர் உணவுக்கு எழுப்பும் பக்கீர் பாவாமாரிடமும் பாட்டுச் செல்வம் இருக்கிறது. தெரிந்த மொழியில் ஒருமுறை நெஞ்சு இளகியவர், அடுத்த நாள் பாரசீகப் பாட்டுக்கும் காது கொடுப்பார். வெளிநாட்டுப் பாட்டுகளுக்கு முன்னால் அவற்றின் பொருளைத் தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு நிமிடம் நிதானமாகச் சொல்ல ஒருவரை நியமி. அச்சடித்த தாளைவிட அந்தக் குரல் அதிகம் உதவும்.

விழாவை நடத்தும் முறைக்கு நாகூர் கந்தூரியைப் பாடமாக எடுத்துக்கொள். அது ஜமாதுல் ஆகிர் மாதத்தில் பதினான்கு நாள் நடக்கும். நாகப்பட்டினத்திலிருந்து கொடிகள் ஊர்வலமாக வந்து மனோரா எனப்படும் ஐந்து கோபுரங்களிலும் ஏறும். பத்தாம் நாள் இரவு சந்தனக்கூடு ஊர்வலம் புறப்பட்டு விடியலில் தர்காவை அடையும். 131 அடி உயரப் பெரிய மனோராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். இன்றும் வருகிறவர்களில் ஏராளமானோர் இந்துக்கள். இத்தனை பெரிய கூட்டம் ஒழுங்காக நடப்பதற்குக் காரணம், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குடும்பமோ ஒரு குழுவோ பொறுப்பாக இருப்பதும், வந்தவர் எல்லோரும் விருந்தாளி என்ற எண்ணமும்தான். நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவும் அப்படித்தானே? தலைவருக்கு ஒரு வேலை, இளைஞர்களுக்கு ஒரு வேலை, ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பங்கு. சாப்பாடு பின்கட்டில் நடக்கும் சில்லறை வேலை என்று நினைக்காதே. பாடுகிறவரும் கொழுந்து பறிக்கிறவரும் கொழும்பிலிருந்து வந்தவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிட வேண்டும். சூஃபிச் சிந்தனை அந்தப் பந்தியிலேயே பாதி விளங்கிவிடும்.

இனி நடைமுறை. முதலில் தேதி. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தை அடியோடு விட்டுவிடு. சனவரி முதல் மார்ச் வரை வானம் ஓரளவு தெளியும். ஆனால் ஹிஜ்ரி நாட்காட்டி வருடத்துக்குப் பதினொரு நாள் அளவு முன்னால் நகர்வதால், வரும் சில ஆண்டுகளில் ரமழான் அந்த மாதங்களில் விழும். பாவா ஆதம் மலை யாத்திரைப் பருவமும் டிசம்பர் முதல் மே வரை. போயா நாட்களிலும் அவற்றை ஒட்டிய வார இறுதிகளிலும் ஹட்டன் வீதியில் பஸ் நகராது. ரமழானும் போயாவும் படாத ஒரு சனி, ஞாயிறைத் தேடு. மார்ச்சில் பின்னேரம் இடிமழை வரும் என்பதால் கூரையுள்ள மண்டபமே நல்லது. தோட்டத்து இடம் என்றால் நிருவாகத்தின் எழுத்து அனுமதியும், வெளியே என்றால் பிரதேச சபை, பொலிஸ் அனுமதிகளும் கையில் இருக்க வேண்டும்.

ஒலிபெருக்கி பற்றி 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் படித்துக்கொள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை பொதுவாக அனுமதி இல்லை. இரவிரவாகப் பாடும் மரபுக்கு இது தடை என்று கவலைப்படாதே. பத்து மணியோடு ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, விருப்பமுள்ள நூறு பேர் மட்டும் உள்ளே தரையில் உட்கார்ந்து வெறும் குரலில் கேட்கட்டும். இந்தப் பாட்டுகள் பிறந்தது அப்படிப்பட்ட கூடங்களில்தான்.

வெளிநாட்டுக் கலைஞர் சுற்றுலா விசாவில் வந்து மேடையேறக் கூடாது. கலை நிகழ்ச்சிகளில் பங்கேற்பவருக்கு உரிய விசா வகையைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் பல மாதம் முன்பே விசாரித்து எழுத்தில் வாங்கு. கலைஞருக்குத் தரும் தொகையை அவர் மொழியிலேயே எழுதிக் கையொப்பமிடு. துருக்கிக் குழுவுக்கு ஒரு மதிப்பும் பக்கீர் பாவாவுக்கு வேறொரு மதிப்பும் காட்டாதே. பதிவு செய்வதானால் முன்கூட்டியே கேள். வாய்வழியாக வந்த பாட்டுக்கும் உரிமையாளர்கள் உண்டு.

எல்லாப் பாட்டும் மேடைக்கு உரியதில்லை. ராத்திபும் மவ்லிதும் வழிபாடு. ரிபாயி தரீக்கா என்னும் சூஃபி வழியினரின் ராத்திபில் இரும்பு ஆயுதங்களும் வரும். அவற்றை அந்தந்தத் தரீக்காக்காரர் தங்கள் தைக்காவில் செய்யும்போது விருந்தினராகப் போய் அடக்கத்தோடு பார்க்கலாம், வேடிக்கை நிகழ்ச்சியாக்கக் கூடாது. இசை ஆகாது என்று கருதும் முஸ்லிம்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களை எதிரிகளாக எண்ணாதே. விளம்பரம் ஒட்டுமுன் ஹட்டன் பள்ளிவாசல் நிருவாகத்திடம் போய் உட்கார்ந்து பேசு, தொழுகை நேரங்களில் நிகழ்ச்சியை நிறுத்து. கருத்து வேற்றுமை வன்முறையானால் என்னாகும் என்பதை 2017இல் கண்டோம். அந்த ஆண்டு பெப்ரவரி 16இல் பாகிஸ்தானின் ஸேவான் தர்காவில் குண்டு வெடித்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மாதமே காத்தான்குடியில் சூஃபி வழியினர் தாக்கப்பட்டார்கள். வருகிறவர்களின் உயிருக்கு நீங்கள் பொறுப்பு. பாதுகாப்பைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதே.

என் மனதுக்கு மிக நெருக்கமானதைச் சொல்லிவிடுகிறேன். மலையகத்தில் நடக்கும் பல பெரிய நிகழ்ச்சிகளுக்கு மலையகத்தார் நாற்காலி சுமக்க மட்டுமே அழைக்கப்படுகிறார்கள். இந்த விழா அப்படி ஆகக் கூடாது. கொழுந்து நிறுத்து முடித்து வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வர ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு, அதன் பிறகு நிகழ்ச்சியைத் தொடங்கு. பிள்ளைகளோடு திரும்பிப்போக ஒவ்வொரு தோட்டத்துக்கும் வாகனம் ஏற்பாடு செய். நுழைவுக் கட்டணம் வைப்பதானால் வெளியூராருக்கு வை. தோட்டத்தாரிடம் வரி கேட்காதே. வரவேற்புக்கு நம் தப்புக் கலைஞர்களை அழை, அவர்களுக்கும் உரிய ஊதியம் கொடு. தப்பையும், மெவ்லவிகளின் 'நெய்' என்னும் குழலையும் ஒரே மேடையில் கலக்கவைக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள். அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுப் பழகட்டும். சேர்ந்து வாசிக்கத் தோன்றினால் அவர்களே தொடங்குவார்கள்.

வரவுசெலவுத் திட்டத்தை இப்போது எழுதாதே. உங்கள் குழுவில் நாலைந்து பேர் கல்முனைக்குடிக் கொடியேற்று நாட்களில் அங்கே போங்கள். பள்ளி நிருவாகத்திடம் அனுமதி கேட்டுக் கந்தூரிச் சோறு பரிமாறுங்கள், தட்டுக் கழுவுங்கள், ஆயிரக்கணக்கானோர் வந்து போவதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அந்தக் குறிப்பை எனக்கு அனுப்பு. அதை வைத்துக்கொண்டு உன்னோடு உட்கார்ந்து கணக்குப் போட நான் தயார்.

அன்புடன்,
உன் ஆசிரியர்